வாசகர் கேள்வி - பதில்: தூய ஹைட்ரஜன் எங்கே தேவை, எங்கே வீண்?

மாற்று எரிபொருள்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஹைட்ரஜனைப் பற்றியே கேட்கின்றன. ஒரே பொருளில் வந்த கேள்விகளைத் தொகுத்து, விளக்கம் அதிகம் வேண்டியவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் விடை தந்திருக்கிறேன்.

கேள்வி: ஹைட்ரஜனை எரித்தால் தண்ணீர்தான் வருகிறது. அந்தத் தண்ணீரிலிருந்தே மறுபடியும் ஹைட்ரஜனை எடுக்கலாம் என்கிறார்கள். கடல் நிறையத் தண்ணீர் இருக்கும்போது நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் இன்னும் ஏன் உலகம் அலைகிறது?

இந்தக் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம், ஹைட்ரஜனைப் பற்றிய மிகப் பெரிய நம்பிக்கையும் மிகப் பெரிய தவறும் இதில் சேர்ந்தே இருப்பதுதான். விறகு எரிந்து முடிந்தபின் எஞ்சுவது சாம்பல் என்றால், ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சும் சாம்பல்தான் தண்ணீர். சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமானால், எரியும்போது வெளிவந்த ஆற்றல் முழுவதையும் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். நடைமுறையில் அதற்கு மேலும் செலுத்த வேண்டியிருக்கும். நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி ஆண்டுகளாக இயற்கை சேமித்து வைத்த ஆற்றல். தண்ணீரிலிருந்து பிரிக்கும் ஹைட்ரஜனோ நாம் வேறோரிடத்தில் உண்டாக்கிய ஆற்றலைச் சுமந்து செல்லும் ஒரு கலம் மட்டுமே.

1800-ஆம் ஆண்டில் வில்லியம் நிக்கல்சனும் ஆன்டனி கார்லைலும் அப்போதுதான் கண்டறியப்பட்டிருந்த மின்கலத்தின் இரு கம்பிகளையும் தண்ணீருக்குள் விட்டபோது கண்ட காட்சியைப் பள்ளி ஆய்வகத்தில் இன்றும் காணலாம். எதிர்முனையில் குமிழிகள் விரைந்து திரண்டு குழாயின் உச்சிக்கு ஏறும்; நேர்முனையில் அதில் பாதியளவே சேரும். முதலாவது ஹைட்ரஜன், இரண்டாவது ஆக்சிஜன். இன்றைய எலக்ட்ரோலைசர் அதே சோதனையின் பெரிய வடிவம்தான். நிக்கல் பூசிய தகடுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும்; அவற்றிடையே சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஓடும்; இரு வாயுக்களும் கலந்துவிடாமல் ஒவ்வொரு தகட்டுக்கும் இடையே மெல்லிய தடுப்புத் திரை இருக்கும்.

இந்த அடுக்கு ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தருவதற்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு கிலோவை அழுத்தி, ஏற்றிச் சென்று, எரிபொருள் கலத்தில் மீண்டும் மின்சாரமாக்கினால் கையில் கிடைப்பது 15 முதல் 20 யூனிட். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. ஆகவே ஹைட்ரஜனைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எந்த இடத்தில் எழுந்தாலும், அங்கே அந்த மின்சாரத்தை நேரடியாகவே பயன்படுத்த வழியுண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வழியிருந்தால் பெரும்பாலும் அதுவே மேல்.

கேள்வி: சாம்பல், நீலம், பச்சை என்று ஹைட்ரஜனுக்கு நிறம் சொல்கிறார்களே, நிறமற்ற வாயுவுக்கு இது என்ன வழக்கம்? எது உண்மையில் தூயது?

வாயுவுக்கு நிறமில்லை, பெயரிலுள்ள நிறம் அது பிறந்த வழியைக் குறிக்கிறது. இயற்கை எரிவாயுவை உயர்வெப்ப நீராவியுடன் வினைபுரியச் செய்து எடுப்பது சாம்பல் நிறம். அந்த முறையில் வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைத்தால் நீலம். சூரியஒளி, காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் பச்சை.

நிறங்கள் பேச்சுக்கு எளியவை. ஆனால் அவை மறைக்கும் உண்மைகளும் உண்டு என்பதால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்று எண்ணால் கேட்பதையே நான் பரிந்துரைக்கிறேன். எரிவாயுவிலிருந்து எடுத்தால் 9 முதல் 10 கிலோ. நிலக்கரியிலிருந்து எடுத்தால் ஏறக்குறைய அதன் இருமடங்கு. இப்போது ஒரு கணக்கைக் கவனியுங்கள். நிலக்கரியால் இயங்கும் அனல்மின் நிலையம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. அந்த மின்சாரத்தை எலக்ட்ரோலைசரில் செலுத்தினால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 கிலோ கரியமில வாயு வானில் சேரும். தண்ணீரிலிருந்து எடுத்தது என்ற பெயர் அதற்கு இருக்கும். எரிவாயுவிலிருந்து எடுப்பதைவிட ஐந்து மடங்கு கேடு அதனால் விளையும். எலக்ட்ரோலைசருக்குப் பக்கத்தில் சூரியத் தகடுகள் இருக்கின்றனவா என்பதோடு நில்லாமல், அந்த ஆலைக்கென்றே புதிதாக மின்னுற்பத்தி சேர்க்கப்பட்டதா, அல்லது வேறெங்கோ போய்க்கொண்டிருந்த தூய மின்சாரம் இங்கே திருப்பப்பட்டதா என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அரசுகளும் இப்போது எண்ணால்தான் வரையறுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 3.38 கிலோ கரியமில வாயு என்ற வரம்பை வைத்திருக்கிறது. இந்தியா 2023-இல் 2 கிலோ என்று அறிவித்தது. நீல ஹைட்ரஜனைப் பொறுத்தவரை, ஆலையில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது பாதிக் கதைதான். எரிவாயுக் கிணற்றிலும் குழாய்களிலும் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. கசிவைக் கட்டுப்படுத்தாத இடத்தில் எடுக்கும் நீல ஹைட்ரஜனைத் தூயது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேள்வி: அப்படியானால் தூய ஹைட்ரஜனை எங்கே தொடங்க வேண்டும்?

ஏற்கெனவே ஹைட்ரஜன் புழங்கும் இடத்தில். இது பலருக்கும் தெரியாத செய்தி: ஹைட்ரஜன் வருங்கால எரிபொருள் மட்டுமன்று, இன்றே பெரும் அளவில் புழங்கும் ஒரு தொழிற்பொருள். 2023-இல் உலகம் ஏறத்தாழ 9.7 கோடி டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்தியது. பெட்ரோல், டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், உரத்துக்கான அம்மோனியா ஆலைகளும், மெத்தனால் ஆலைகளுமே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. இதில் குறைந்த உமிழ்வு முறையில் கிடைத்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி முழுவதும் எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வந்தது; அதற்காக ஆண்டுதோறும் 90 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது.

இந்த 9.7 கோடி டன்னை மட்டும் மின்னாற்பகுப்பால், அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துப் பெறுவதென்றால் ஏறக்குறைய 5 லட்சம் கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். உலகின் மொத்த மின்னுற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் கோடி யூனிட். அதாவது புதிதாக ஒரு கார்கூட, ஓர் அடுப்புகூட ஹைட்ரஜனுக்கு மாறாத நிலையிலேயே, உலக மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு இதற்குப் போய்விடும். இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால், எல்லாவற்றையும் ஹைட்ரஜனால் ஓட்டிவிடலாம் என்ற விளம்பரங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

கேள்வி: உரத்தைக் குறிப்பிடுவதுண்டு. தண்ணீரிலிருந்து உரம் செய்வது நடக்கக்கூடியதா?

நடந்திருக்கிறது. நார்வேயின் ரியூகான் பகுதியில் நீர்வீழ்ச்சி மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனால் அம்மோனியா செய்து, உரமாக்கி விற்றார்கள். 1920-களின் இறுதியில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அது ஓடியது. எகிப்தில் அஸ்வானிலும் இந்தியாவில் நங்கலிலும் அணைக்கட்டு மின்சாரத்தால் இதே வேலை நடந்தது. மலிவான எரிவாயு வந்தபின் இந்த ஆலைகள் பின்தங்கின. பச்சை அம்மோனியா புதுமை அல்லாமல், நாம் ஒருமுறை கைவிட்ட பழைய வழி என்று சொல்வதே பொருந்தும்.

காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா ஆக்கும் ஹேபர்-போஷ் முறை இல்லையென்றால் இன்றைய மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உணவு விளைவிக்க முடியாது. அந்த முறைக்கு ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமில்லை, மூலக்கூறு ஒன்றேதான். ஆகவே மாற்றம் இங்கே எளிது. ஒரே ஒரு சிக்கல் யூரியாவில் இருக்கிறது. யூரியா செய்ய அம்மோனியாவோடு கரியமில வாயுவும் வேண்டும். இன்றைய ஆலைகளில் அது எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போதே துணைப்பொருளாகக் கிடைத்துவிடுகிறது. பச்சை ஹைட்ரஜனுக்கு மாறினால் அந்தக் கரியமில வாயுவுக்கு வேறு மூலம் தேட வேண்டும், அல்லது அம்மோனியம் நைட்ரேட் போன்ற வேறு உரங்களுக்கு மாற வேண்டும்.

கேள்வி: இரும்பு உருக்கும் உலையில் நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனை விட்டால் போதுமா? உருக்காலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இது நம்பும்படியாக இல்லை.

தங்கள் ஐயம் நியாயமானது. ஊது உலையில் கோக் கரி (நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டெடுத்தது) ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்: எரிந்து வெப்பம் தருகிறது, தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறிக்கிறது, மேலேயிருந்து இறங்கும் தாதுப் பாரத்தைத் தாங்கி, வாயு ஊடுருவுவதற்கு இடைவெளியும் விட்டுவைக்கிறது. மூன்றாவது வேலையை எந்த வாயுவாலும் செய்ய முடியாது. எனவே ஊது உலையில் கரியை முற்றிலும் நீக்கிவிட்டு ஹைட்ரஜனை ஊத இயலாது; உலையின் வகையையே மாற்ற வேண்டும்.

மாற்று உலை உயரமான ஒரு தண்டு போன்றது. மேலிருந்து கோலிக்குண்டு அளவிலான தாது உருண்டைகள் மெல்ல இறங்குகின்றன. கீழிருந்து சுடவைத்த ஹைட்ரஜன் மேலேறுகிறது. இரண்டும் எதிர்ப்படும் இடத்தில் ஹைட்ரஜன் தாதுவின் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு நீராவியாக வெளியேற, இரும்பு உருகாமலே, நுண்துளைகள் நிறைந்த கடற்பஞ்சு இரும்பாக அடியில் வந்து விழுகிறது. அதை மின்வில் உலையில் உருக்கி எஃகாக்குகிறார்கள். இந்த வினை வெப்பத்தை உள்வாங்குவது என்பதால் வாயுவை முன்கூட்டியே நன்கு சூடேற்றியாக வேண்டும். ஒரு டன் இரும்புக்கு வேதியியல் கணக்கின்படி சுமார் 54 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 3,500 யூனிட் மின்சாரம் ஆகும்.

எரிவாயுவால் இயங்கும் இத்தகைய உலைகள் பல பத்தாண்டுகளாக உலகில் உள்ளன. ஹைட்ரஜனைக் கொண்டே இயக்கிக் காட்டியது ஸ்வீடனின் ஹைப்ரிட் (HYBRIT) திட்டம். லூலியோவில் அமைந்த அதன் முன்னோடி ஆலை 2020-இல் தொடங்கியது. அவ்வழியில் செய்த எஃகு 2021 ஆகஸ்டில் வோல்வோ நிறுவனத்துக்கு முதன்முதலாக அனுப்பப்பட்டது. பழைய முறையில் ஒரு டன் எஃகுக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. உலக உமிழ்வில் எஃகுத் தொழிலின் பங்கு மட்டும் நூற்றுக்கு ஏழு அல்லது எட்டு. ஹைட்ரஜனுக்கு உலகில் இதைவிடத் தகுந்த வேலை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தடைகளையும் சொல்ல வேண்டும். இந்த உலைக்கு இரும்புச்சத்து மிக உயர்ந்த தாது வேண்டும். அது எங்கும் தாராளமாகக் கிடைப்பதில்லை. செலவும் கூடுதல். 2025-இல் ஆர்செலர்மிட்டல் நிறுவனம் ஜெர்மனியில் இரண்டு ஆலைகளை இம்முறைக்கு மாற்றும் திட்டத்தைக் கைவிட்டது. தொழில்நுட்பம் தயாராக இருந்தும் இப்படி நடப்பது வருத்தம் தருகிறது. கரியமில வாயுவை இலவசமாக வெளியேற்ற இடம் இருக்கும்வரை தூய எஃகு விலையில் தோற்றுக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: ஹைட்ரஜன் கார் வாங்கக் காத்திருக்கலாமா?

வேண்டாம். டொயோட்டாவின் மிராய் கார் 2014 டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்தது. ஹைட்ரஜனை 700 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நிரப்பிக்கொண்டு நன்றாகவே ஓடுகிறது. கோளாறு காரில் இல்லை. மேலே சொன்ன யூனிட் கணக்கில் இருக்கிறது. ஒரே அளவு மின்சாரத்தில் மின்கலக் கார் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம் போய்விடும். கலிபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிரப்பு நிலையங்களை ஷெல் நிறுவனம் 2024-இல் மூடிவிட்டது. ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலம் 2018-இல் உலகின் முதல் ஹைட்ரஜன் பயணி ரயிலை ஓட்டிப் பெருமை பெற்றது. பின்னர் புதிய ரயில்கள் வாங்கும்போது மின்கல ரயில்களைத் தேர்ந்தெடுத்தது.

கேள்வி: வீடுகளுக்கு வரும் எரிவாயுக் குழாயிலேயே ஹைட்ரஜனைக் கலந்துவிட்டால் செலவில்லாமல் மாறிவிடலாமே?

கன அளவில் நூற்றுக்கு இருபது பங்கு ஹைட்ரஜனைக் கலந்தாலும், அதே கன அளவில் ஹைட்ரஜனின் ஆற்றல் மீத்தேனில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதால், உமிழ்வு குறைவது நூற்றுக்கு ஏழு பங்கு மட்டுமே. அதற்கு மேல் கலக்க வேண்டுமானால் அடுப்பையும் கொதிகலனையும் மாற்ற வேண்டும். பல இடங்களில் குழாயையும் மாற்ற வேண்டும், ஏனெனில் ஹைட்ரஜன் அணுக்கள் சிலவகை எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக ஆக்கிவிடுகின்றன. பிரிட்டனில் ஒரு பகுதி முழுவதையும் ஹைட்ரஜன் வெப்பத்துக்கு மாற்றிப் பார்க்கத் திட்டமிட்ட இரண்டு சோதனைகளும் 2023-இல் கைவிடப்பட்டன. வீட்டுக்கு வெப்பம் வேண்டுமென்றால், ஒரு யூனிட் மின்சாரத்தில் வெளிக்காற்றிலிருந்து மூன்று யூனிட் வெப்பத்தை இழுத்துத் தரும் ஹீட் பம்ப் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஹைட்ரஜனை எரித்தால் அதே வெப்பத்துக்கு ஐந்து மடங்குக்கு மேல் மின்சாரம் செலவாகும்.

கேள்வி: கப்பல்களும் விமானங்களும்?

ஹைட்ரஜனின் எடை அதற்கு வரம். இடம் அதற்குச் சாபம். ஒரு கிலோவில் பெட்ரோலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஆற்றல் உண்டு. ஆனால் சாதாரண அழுத்தத்தில் அந்த ஒரு கிலோ 11,000 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். திரவமாக்க மைனஸ் 253 டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும். அதற்கே அதன் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அப்படித் திரவமாக்கினாலும் ஒரு லிட்டரில் இருப்பது பெட்ரோலில் கால் பங்கு ஆற்றல்தான். 2022-இல் சுயிசோ ஃபிரான்டியர் என்ற கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜப்பானின் கோபே துறைமுகத்துக்குத் திரவ ஹைட்ரஜனைக் கொண்டுசேர்த்து வரலாறு படைத்தது. அந்தக் கப்பல் ஓடியது டீசலில் என்பதும், அதன் சரக்கில் ஒரு பகுதி பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் செய்திகளில் அடியில் போய்விட்டன.

கடல் கடந்து கொண்டுசெல்லவும் கப்பலை ஓட்டவும் ஹைட்ரஜனை அம்மோனியாவாகவோ மெத்தனாலாகவோ மாற்றுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகிவிடும். அதன் நச்சுத்தன்மையைக் கையாளப் பயிற்சி பெற்ற மாலுமிகள் வேண்டும். ஹைட்ரஜன் பயணி விமானத்தை 2035-க்குள் பறக்கவிட எண்ணியிருந்த ஏர்பஸ், 2025-இல் அந்தக் கெடுவைத் தள்ளிவைத்தது.

கேள்வி: ஹைட்ரஜன் என்றாலே ஹிண்டன்பர்க் விபத்துதான் நினைவுக்கு வருகிறது. அச்சம் தேவையா?

1937 மே 6 அன்று ஹைட்ரஜன் நிரப்பிய அந்த வான்கப்பல் எரிந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 36 பேர் மாண்டனர். அதில் இருந்த 97 பேரில் 62 பேர் உயிர் தப்பினர். இன்றைய தொட்டிகளுக்கும் துணிப்போர்வை போர்த்திய அந்தக் கலத்துக்கும் ஒப்புமை இல்லை. ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு இலேசான வாயு என்பதால், திறந்தவெளியில் கசிந்தால் விரைவாக மேலேறிக் கலைந்துவிடும். கூரை மூடிய இடத்தில் நிலைமை வேறு. காற்றில் நூற்றுக்கு 4 முதல் 75 பங்கு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பற்றும். மிகச் சிறு பொறி போதும். பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. 2019-இல் நார்வேயின் சான்ட்விகா நகரில் ஒரு நிரப்பு நிலையம் வெடித்தபோது, உயர் அழுத்தத் தொட்டியின் மூடியில் சில போல்ட்டுகள் போதிய அளவு முறுக்கப்படாததே காரணம் என்று கண்டறிந்தார்கள்.

கசிவால் காலநிலைக்கும் கேடு உண்டு. ஹைட்ரஜன் தானாக வெப்பத்தைப் பிடிப்பதில்லை. ஆனால் காற்றில் இருந்துகொண்டு மீத்தேனை அழிக்கும் ஹைட்ராக்சில் கூறுகளை அது செலவழித்துவிடுவதால், மீத்தேன் வானில் நீடித்துத் தங்குகிறது. இந்த மறைமுக விளைவு நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 11 அல்லது 12 மடங்கு.

கேள்வி: காற்றும் வெயிலும் இல்லாத நாள்களுக்குச் சேமிப்பாக ஹைட்ரஜன் உதவாதா?

உதவும். சில மணி நேரத்துக்கு மின்கலமே சிறந்தது. பல வாரங்களுக்கு, ஒரு பருவத்திலிருந்து மறு பருவத்துக்கு என்று சேமிக்க வேண்டிய இடத்தில் ஹைட்ரஜனுக்குப் போட்டி குறைவு. ஆற்றல் இழப்பையும் அங்கே பொறுத்துக்கொள்ளலாம். நிலத்தடி உப்புப் பாறையைத் தண்ணீரால் கரைத்துக் குடைந்த குகைகள் இதற்கு ஏற்றவை. இங்கிலாந்தின் டீஸ்சைடில் 1972 முதல் தொழிற்சாலைத் தேவைக்காக இப்படித்தான் ஹைட்ரஜனைச் சேமித்து வருகிறார்கள். உப்புப் படிவம் எல்லா நிலத்திலும் இல்லை என்பதே குறை.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஹைட்ரஜனின் விலையைக் குறைக்க எந்தப் பக்கம் ஆய்வு தேவை?

விலையில் பெரும்பகுதி மின்சாரம்தான். யூனிட் 5 அமெரிக்க சென்ட் என்றால் ஒரு கிலோவுக்கு மின்சாரம் மட்டுமே இரண்டரை டாலர் ஆகிவிடுகிறது. எரிவாயு மலிவான நாடுகளில் சாம்பல் ஹைட்ரஜன் அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. அடுத்தது, எலக்ட்ரோலைசர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது. ஆண்டின் 8,760 மணி நேரத்தில் வெயிலை மட்டும் நம்பினால் நான்கில் ஒரு பங்கு ஓடுவதே அரிது; மீதி நேரம் முதலீடு சும்மா கிடக்கும். காற்றாலையையும் சூரியத் தகட்டையும் ஒரே ஆலையில் இணைப்பது இதற்காகத்தான்.

உங்கள் துறைக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. மேகம் கடக்கும்போதெல்லாம் நின்று நின்று ஓடினால் நிக்கல் மின்முனைகள் விரைவில் தேய்கின்றன. அந்தத் தேய்வு எப்படி நிகழ்கிறது என்பதே ஒரு நல்ல ஆய்வுப் பொருள். கரைசலுக்குப் பதில் புரோட்டான்களைக் கடத்தும் சவ்வைக் கொண்ட எலக்ட்ரோலைசர் வகை ஏற்ற இறக்கத்தை நன்கு தாங்கும்; ஆனால் அதற்கு இரிடியம் என்ற அரிய உலோகம் வேண்டும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏழெட்டு டன் மட்டுமே அது கிடைக்கிறது. அந்தச் சவ்வின் நன்மையையும் நிக்கலின் மலிவையும் ஒன்றுசேர்க்க முயலும் எதிர்மின் அயனிச் சவ்வுகள் இன்னும் போதிய காலம் நீடித்து உழைப்பதில்லை. வேதியியலும் பொருளறிவியலும் கைவசம் இருந்தால் அந்தச் சவ்விலிருந்து தொடங்குங்கள். ஆய்வகத்தில் சிறு கலம் ஒன்றை நீங்களே அமைத்து, ஆயிரம் மணி நேரம் ஓடவிட்டு, அதன் மின்னழுத்தம் எந்த மணியிலிருந்து ஏறத் தொடங்குகிறது என்று குறித்துவையுங்கள்.